குடும்பத்தோடு குடியேற ஒரு வாடகை வீடு: தேடலில் தொடங்கிச் சாவி வாங்குவது வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு நகரங்களில் சிறு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் வைத்துக்கொண்டு வாடகை வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்காகத் தேடியதோடு, உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் வீடு பார்க்கக் கூடவே அலைந்திருக்கிறேன். வீடு கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, அவசரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடியும் பெட்டி கட்டுகிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

பெரும்பாலும் தவறுவது வரிசையில்தான். முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, டோக்கன் பணம் கொடுக்கிறார்கள். தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், உண்மையான உரிமையாளர் யார் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு நடக்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பணம் கைமாறுவது பத்தாவது படியில் வருகிறது. அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

1. தேடத் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

பணக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மாத அட்வான்ஸ் 75,000, முதல் மாத வாடகை 15,000, தரகர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை 15,000. ஆக 1,05,000 ரூபாய். சாமான் ஏற்றி இறக்கும் கூலி தனி. பழைய வீட்டு அட்வான்ஸ் அங்கே சாவியை ஒப்படைத்த பிறகுதான் கைக்கு வரும். அந்தப் பணத்தை நம்பிப் புது வீட்டுக்கு வாக்குக் கொடுத்தவர்கள்தான் கடைசி நேரத்தில் கடனுக்கு அலைகிறார்கள்.

ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, இப்போதைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். "வேண்டுமானால் இவரிடம் எங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்" என்று பழைய உரிமையாளரின் எண்ணைக் கொடுப்பதற்கு இருக்கும் மதிப்பு சம்பளச் சீட்டுக்குக்கூட இல்லை. அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து, "இது இல்லாவிட்டால் அந்த வீடே வேண்டாம்" என்று மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். மூட்டு வலி உள்ள பெரியவர் இருந்தால் தரைத்தளம் அல்லது லிஃப்ட், கைக்குழந்தை இருந்தால் நாள் முழுக்கத் தண்ணீர், இரவுப் பணிக்குப் போகிறவர் இருந்தால் பகலில் தூங்க ஒரு தனி அறை. மூன்றுக்கு மேல் எழுதினால் எந்த வீடும் தேறாது. எழுதாமலே போனால் அலைச்சலில் களைத்துப்போய் எல்லா வீடும் பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

2. எந்த மாதத்தில் தேடுவது

ஏப்ரல், மே மாதங்களில் வீடுகள் அதிகம் காலியாகின்றன. பள்ளி விடுமுறையில் எல்லோரும் இடம் மாறுவதால் தேடுகிறவர்களும் அதிகம், பேரத்துக்கு இடம் குறைவு. ஆனாலும் பிள்ளையின் பள்ளி மாறுவதாக இருந்தால் வேறு வழியில்லை. மார்ச்சிலேயே தெருக்களைச் சுற்றத் தொடங்கிவிடுங்கள்.

பள்ளி மாறாமல் அதே வட்டாரத்துக்குள் வீடு மட்டும் மாறுகிறவர்களுக்கு ஆடி மாதம் நல்ல காலம். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகப் பலர் தயங்குவதால் வீடுகள் பூட்டிக் கிடக்கும். உரிமையாளரும் வாடகை போகிறதே என்ற கவலையில் இறங்கி வருவார். ஆடியில் பார்த்துப் பேசி முடித்து, ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகை என்று எழுதிக்கொள்ளலாம்.

எந்த மாதமானாலும், புது வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை பழைய வீட்டைக் காலி செய்வதாக வாய் திறக்காதீர்கள்.

3. வீட்டுக்கு முன் பள்ளிக்கூடத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டை முடித்துவிட்டுப் பள்ளி தேடினால் குழந்தை தினமும் இரண்டு மணி நேரம் வேனில் உட்கார நேரும். பள்ளியை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து எத்தனை நிமிடத்தில் நடக்க முடியும் என்று வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் தேடுங்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவது, நடுவில் ரயில்வே கேட்டோ நெடுஞ்சாலையோ இருந்தால் வேறு கதை. காலை எட்டரை மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணினால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவைக் கணக்கில் கொள்கிறார்கள். முகவரிச் சான்றும் கேட்பார்கள். விண்ணப்பக் காலம் வருவதற்கு முன்பே புது முகவரி உங்கள் பெயருக்கு வந்திருக்க வேண்டும்.

4. எங்கே தேடுவது

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வட்டத்துக்குள் நடந்தே போங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பால் கடைக்காரர், அடுக்கக வாசலில் இருக்கும் காவலாளி ஆகிய மூவரையும் விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டில் யார் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள் என்பது "டு லெட்" பலகை தொங்குவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல வீடுகள் பலவும் பலகை தொங்காமலே கைமாறுகின்றன.

இணையத்தில் பார்க்கும்போது ஒரே ஒரு விதி: வீட்டையும் உரிமையாளரையும் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டைப் பார்க்க முன்பதிவுத் தொகை அனுப்புங்கள்" என்று வரும் பேச்சு பழகிப்போன மோசடி. பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வதும் அதே வகைதான். ஸ்கேன் செய்து ரகசிய எண் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும், வராது.

தரகரிடம் போனால் கமிஷன் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதை முதல் வீட்டைப் பார்ப்பதற்கு முன் பேசிவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கமிஷன் என்று சொல்லுங்கள். உங்கள் மூன்று விஷயங்களையும் சொல்லி, அவை இல்லாத வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம்.

5. தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டியவை

புதிதாகத் தேடுகிறவர்கள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு நேரில் போய் நிற்கிறார்கள். வீடு பிடித்துப்போன பிறகு, படியிறங்கும் நேரத்தில், "மொத்தம் எத்தனை பேர்?" என்ற கேள்வி வருகிறது. ஐந்து பேர் என்றதும் முகம் மாறுகிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி வாசல் வாசலாகத் திரும்பி வருவது மனத்தை உடைக்கும். அதனால் அந்தக் கேள்வியை நீங்களே முதலில் போட்டுவிடுங்கள்:

"சார், தெருவில் பலகை பார்த்தேன். நாங்கள் ஐந்து பேர். நானும் மனைவியும், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா?"

தயக்கமில்லாமல் "தாராளமாக வாருங்கள்" என்று வந்தால் மேலே பேசுங்கள். "பிள்ளைகள் ரொம்பச் சத்தம் போடுவார்களா?" என்று இழுத்தால், அந்த வீட்டில் பந்து உருளும் சத்தத்துக்குக்கூடக் கீழிருந்து ஆள் வரும் என்று புரிந்துகொள்ளலாம். பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி உள்ளே போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குடிபோன பிறகு ஒவ்வொரு நாளும் குழந்தையை "ஷ், ஷ்" என்று அடக்கிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். குழந்தை தன் வீட்டில் ஓடக் கூடாதென்றால் அது அதற்கு வீடாகவே இருக்காது.

சாப்பாட்டுப் பழக்கம், மதம், சாதி இவற்றை வைத்து வீடு மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சைவம் மட்டும்" என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் உண்டு. "எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைப்பவர்களும் உண்டு. இது தவறு, இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் தேடுகிறவர் தன் குடும்பத்தை இதிலிருந்து காத்துக்கொள்ள வழி, தொலைபேசியிலேயே தெரிந்துகொண்டு அங்கே போகாமலிருப்பதுதான். "வீட்டில் அசைவம் சமைப்போம், அதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று நேராகக் கேளுங்கள். மறைத்துக் குடியேறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்கும் நிலைமை உங்கள் வீட்டாருக்கு வர வேண்டாம்.

அதே அழைப்பில் இன்னும் நான்கு கேள்விகள் போதும். எத்தனையாவது மாடி? குடிநீரும் புழங்கும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன? மின் இணைப்பு தனியா, பொதுவா? உரிமையாளர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா? கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றாது. உரிமையாளர் கீழே குடியிருந்தால் பழுது பார்ப்பது சீக்கிரம் நடக்கும், ஆனால் இரவு பத்துக்கு மேல் கேட் பூட்டுவது முதல் மொட்டை மாடியில் துணி காயப்போடுவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருக்கும். இரண்டில் எது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரும் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

6. முதல் முறை பார்க்கும்போது: தண்ணீர், மின்சாரம், வெள்ளம்

பகலில் போங்கள். சமையலறையைப் புழங்கப்போகிறவர் கட்டாயம் கூட வர வேண்டும். வரவேற்பறையின் பெயின்டையும் டைல்ஸையும் பார்த்து மயங்குவதற்கு முன் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைப் பாருங்கள். குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்து, தரை ஓடுகள் மங்கிப்போயிருந்தால் போர்த் தண்ணீர் கடுமையான உப்பு. பழுப்புக் கறை இருந்தால் இரும்புச் சத்து. இரண்டுமே தலைமுடியிலும் துவைக்கும் துணியிலும் கைவைக்கும். புதிதாகக் குழாய் மாற்றியிருந்தால், கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு வேகம் குறைகிறதா என்று பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒருவர் குளிக்க, ஒருவர் பாத்திரம் கழுவும் நிலைமை அதுதான். மோட்டார் யார் போடுவது, எத்தனை வேளை, தொட்டி நிரம்பாவிட்டால் யாரிடம் கேட்பது என்பதையும் கேளுங்கள்.

குடிநீர் விஷயம் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது என்று கேட்க வேண்டும். கோவையில் சிறுவாணி, பில்லூர் என எந்தத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். உரிமையாளர் சொல்வதோடு நிறுத்தாமல் எதிர் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். குடம் தூக்குகிறவருக்குத் தெரியும்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: உங்கள் பகுதிக்கென்று தனி மீட்டரும் தனி மின் இணைப்பு எண்ணும் இருக்கின்றனவா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை படிப்படியாக ஏறும். ஒரே இணைப்பை மூன்று குடும்பங்கள் பகிர்ந்தால் அந்த 100 யூனிட் ஒரு முறைதான் கிடைக்கும், மொத்தப் பயன்பாடும் உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடும். துணை மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று உரிமையாளர் வசூலிக்கும் வீடுகளில், பழைய ரசீது ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாடகையில் ஒரு தொகையைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி உரிமையாளரிடம் "மழைக்குத் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்றுதான் வரும். கடைக்காரரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: "2023 டிசம்பரில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" சென்னையில் அது மிக்ஜாம் புயல் வந்த நாட்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அதே மாதம் பெருவெள்ளம். 2015 டிசம்பரைச் சென்னைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. தேதியோடு கேட்டால் கையால் அளவு காட்டிச் சொல்வார்கள். தரைத்தள வீட்டில் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதுப் பூச்சாக இருந்தாலோ, மின் மீட்டர் மேலே உயர்த்தி மாட்டப்பட்டிருந்தாலோ காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

7. குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது கண்ணில் படாதவை உட்கார்ந்தால் தெரியும்: முழங்கால் உயரத்தில் மூடியில்லாத பிளக் பாயின்ட், கட்டிலுக்கு அடியில் போகும் ஒயர், உடைந்த தரை ஓட்டின் கூர்.

பால்கனிக் கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சிறு குழந்தை உடம்பை நுழைத்துவிட முடியும். குறுக்குக் கம்பிகளாக இருந்தால் அவையே ஏறிப்போக ஏணி. ஜன்னல்களில் கிரில் இருக்கிறதா, அது ஆடாமல் இருக்கிறதா என்று கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உயரமா, அதன் அருகே மின்கம்பி போகிறதா, மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு எப்போதும் பயம் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடிதான். வாசலிலோ வாகனம் நிறுத்தும் இடத்திலோ தரையோடு தரையாக இருக்கும். துருப்பிடித்த தகரம், மேலே ஒரு செங்கல் என்ற நிலையில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பூட்டுப் போடக்கூடிய மூடி இல்லையென்றால், குடிபோவதற்கு முன் மாற்றித் தர வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். கிணறு இருந்தால் இரும்பு வலை. இதில் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்கக் கூடாது.

குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளே போய்ப் போட்டுத் திறந்து பாருங்கள். இறுக்கமாக இருந்தால் குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளும். பழைய லிஃப்டில் இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு இருந்தால் பிள்ளைகளைத் தனியே அனுப்ப முடியாது, தினசரி வேலை ஒன்று கூடும். கேட்டைத் திறந்தால் நேரே பஸ் போகும் சாலையா என்று பாருங்கள்.

பெரியவர்களுக்காகப் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் மாற்ற முடியாதவை. குளியலறைக்குள் இறங்கும் படி எவ்வளவு உயரம், கழிப்பறை உட்காரும் வகையா குந்தும் வகையா, மாடிப்படியில் பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா? அம்மாவையோ அப்பாவையோ ஒரு முறை அழைத்து வந்து ஏற வைத்துப் பாருங்கள். "எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை" என்று அவர்கள் சொல்வதை மட்டும் கேட்காமல், மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

8. இரண்டாவது முறை, இருட்டிய பிறகு

இரவு எட்டு மணிவாக்கில் சொல்லாமல் போய்த் தெருவில் பத்து நிமிடம் நில்லுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மதுக்கடை அருகில் இருக்கிறதா, தெருநாய்க் கூட்டம் எப்படி, வேலை முடிந்து வரும் மனைவியோ மகளோ தயக்கமில்லாமல் நடந்து வர முடியுமா? பக்கத்துக் காலி மனையில் செங்கலும் மணலும் இறங்கியிருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்குத் தூசியும் சத்தமும் நிச்சயம். ஆஸ்துமா உள்ள குழந்தையுடன் அங்கே போக வேண்டாம்.

முந்தைய குடித்தனக்காரர் ஏன் காலி செய்தார் என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். முடிந்தால் அவரிடமே பேசுங்கள். "அட்வான்ஸ் முழுதாகத் திரும்பக் கிடைத்ததா?" என்ற ஒரே கேள்வி போதும்.

9. உங்களிடம் பேசுகிறவர் உரிமையாளர்தானா

சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, அவருடைய அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். வீடு அப்பா பெயரிலும் பேசுகிறவர் மகனாகவும் இருந்தால், அப்பா கையெழுத்திட வேண்டும் அல்லது அதிகாரப் பத்திரம் காட்ட வேண்டும். சண்டை வரும் நாளில் "எனக்குத் தெரியாமல் மகன் விட்டுவிட்டான்" என்று சொல்லிவிடுவார்கள்.

மாத வாடகை இல்லாமல் பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் போக்கியம், அதாவது லீஸ் முறையில், இந்தச் சோதனை உயிர்நாடி. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை கட்டாமல் போனால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தும். உங்கள் பணத்துக்கு நீங்கள் உரிமையாளர் பின்னால் அலைய வேண்டியதுதான். இன்னொரு மோசடியும் உண்டு: இடையில் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, உங்களிடம் லீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். உரிமையாளரை நேரில் பார்க்காமல், பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் லீஸ் வேண்டவே வேண்டாம்.

10. வாடகையும் அட்வான்ஸும் பேசுவது

வீட்டைப் பார்க்கும்போதே பேரம் பேசாதீர்கள். இரண்டு முறை பார்த்து, குறைகளை எழுதி, அந்தத் தாளோடு பேச உட்காருங்கள். "வாடகையைக் குறையுங்கள்" என்று வெறுமனே கேட்டால் மறுப்பது சுலபம். "சம்ப் மூடி மாற்ற வேண்டும், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, கொசுவலை அடிக்க வேண்டும். இவற்றைச் செய்து தருகிறீர்களா, இல்லை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்று நடக்கும்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை, அதாவது அட்வான்ஸ், கேட்கக் கூடாது என்கிறது அது. நடைமுறையில் சென்னையில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் வீடு கிடைக்காது. ஆனால் "சட்டம் மூன்று மாதம் என்கிறது, நான் நான்கு மாதம் தருகிறேன்" என்று பணிவாகத் தொடங்கினால் பேச்சு பத்தில் தொடங்காது.

டோக்கன் கொடுப்பதானால் சிறு தொகையாக, வங்கி வழியாக, "இந்த வீட்டுக்கான டோக்கன், இந்தத் தேதிக்குள் ஒப்பந்தம், உரிமையாளர் மறுத்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று கைப்பேசியில் ஒரு செய்தியாவது அனுப்பி அவர் பதிலை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

11. ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை

கடையில் கிடைக்கும் அச்சு வாசகத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது பெரிய தவறு. அது பெரும்பாலும் உரிமையாளர் பக்கம் நின்று எழுதப்பட்டது. வரைவை ஒரு நாள் முன்பே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

குடியிருப்போர் என்ற இடத்தில் எல்லோருடைய பெயரும் வரட்டும், ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் உட்பட. குழந்தை பிறக்கப் போகிற குடும்பமானால் அதையும் சொல்லி எழுதுங்கள். ஆள் கூடிவிட்டது என்று தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றிய கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை உயரும், காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவிப்பு தர வேண்டும், எந்தப் பழுது யார் செலவு, பராமரிப்புத் தொகை எவ்வளவு என்பவற்றை எண்ணோடு எழுதுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கும் வழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. குழந்தைகள் சுவரில் கிறுக்குவார்கள் என்று தெரிந்தே இந்த வரியைப் பேசி, ஒரு தொகையாக வரம்பு கட்டிவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தால் பிடித்தம் இல்லை என்று எழுதக் கேட்கலாம். நியாயமானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கமாவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பது. ஆனால் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினோரு மாத ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. பதிவானதும் ஒரு பதிவு எண் தருவார்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் தகராறு வரும்போது உங்கள் தாள் பலவீனமாகிவிடும்.

அதே சட்டம் குடும்பத்துக்குத் தரும் பாதுகாப்புகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது. வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை நிறுவனத்துக்குத் தர வேண்டியிருக்கும். கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

12. சாவி வாங்கும் நாளும் முதல் வாரமும்

ஒரு சாமானும் இறங்கும் முன், காலி வீட்டை அறை அறையாகக் காணொளி எடுங்கள். சுவரில் உள்ள ஆணி ஓட்டை, விரிசல், கதவுக் கீறல் எல்லாவற்றையும் அருகில் காட்டுங்கள். மின் மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு, எத்தனை சாவி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காணொளியை அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியே பின்னால் சாட்சி. பால் காய்ச்சும் நேரம் குறித்திருந்தால், இந்த வேலைக்காக முந்தைய நாள் மாலையே சாவி கேளுங்கள். விருந்தினர் வந்த பிறகு இது நடக்காது.

முன்கதவுப் பூட்டை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு மாற்றுங்கள். பழைய சாவியின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது.

முதல் ஏழு நாட்களில் கண்ணில் படும் குறைகளை ஒரே பட்டியலாக எழுதி அனுப்புங்கள். தினமும் ஒன்றாகச் சொன்னால் குறை சொல்லும் குடித்தனக்காரர் என்று பெயர் வரும், இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் நீங்கள் உடைத்தது என்றாகிவிடும். வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள்.

பிறகு, பதிவான ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஆதார், குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு மூன்றிலும் முகவரியை மாற்றுங்கள். எரிவாயுவை முதலில் செய்யுங்கள். பழைய சிலிண்டர் தீரும் முன் புதிய விநியோகஸ்தரிடம் பெயர் ஏறியிருக்க வேண்டும்.